யோகனின் சுவரும் என் வாளியும்

1

எங்கள் ஊர் வாசிகசாலைக்கு இந்த வருடம் ஐம்பதாண்டு நிறைவு விழா. சிறப்பு மலர் போடுகிறார்களாம். வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் எங்கள் வாழ்க்கையைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டுமாம். முன்பு வந்த மலரைப் பார்த்திருக்கிறேன். லண்டனில் வீடு வாங்கிய கதை, கனடாவில் மகன் பட்டம் பெற்ற கதை, எல்லாம் படத்தோடு இருந்தது. எனக்கும் சொல்ல அப்படிக் கதைகள் உண்டு. ஆனால் நான் எழுதப்போவது ஒரு குளியலறைச் சுவரைப் பற்றி.

"அம்மா, நீங்கள் சொல்லுங்கோ, நான் ரைப் பண்ணித் தாறன்" என்றாள் மகள் வதனி. வேண்டாம் என்றுவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கைதான், ஆனாலும் இதை என் கையால் எழுத வேண்டும். பேத்தி மாயா தன் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றைத் தந்தாள். ஒரு பக்கம் எழுத ஒரு காலை நேரம் போகிறது. அவசரமில்லை. பிழைகளை மலர்க்குழுத் தம்பிமார் திருத்தட்டும். எழுத்தைத்தான் திருத்த வேண்டும், விஷயத்தைத் திருத்தக் கூடாது.

2

நான் சிட்னிக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. டூங்கபியில் மகள் வீட்டில் இருக்கிறேன். மருமகன் குகன் எஞ்சினியர். நல்ல பிள்ளை. எதையும் அளந்து, எழுதி, அடையாளம் போட்டுச் செய்பவர். குப்பைத் தொட்டி எந்தக் கிழமை எந்த நிறம் என்று குசினியில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்.

வந்த முதல் வாரம் அவர் எனக்குக் குளியலறையைக் காட்டித் தந்தார். ஒரு மூலையில் கண்ணாடிப் பெட்டி போல ஒன்று. அதற்குள் நின்றுதான் குளிக்க வேண்டும். மேலே ஷவர்.

"மாமி, தண்ணி இந்தக் கண்ணாடிக்கு உள்ளுக்கை மட்டும்தான். வெளியிலை நிண்டு ஊத்திப்போடாதேங்கோ. இந்த நாட்டுச் சுவர் கல்லுச் சுவர் இல்லை. உள்ளுக்கை வெறும் மட்டை."

"ஓம், எனக்கு விளங்குது" என்றேன்.

ஒரு வருடம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றேன். அது குளிப்பே இல்லை. மார்கழித் தூறலில் குடையில்லாமல் நிற்பது போல இருந்தது. எனக்குத் தண்ணீர் உச்சந்தலையில் ஒரேயடியாக விழ வேண்டும். விழும் சத்தம் காதுக்குள் கேட்க வேண்டும். கேட்டால்தான் குளித்தேன் என்று உடம்பு ஒத்துக்கொள்ளும். ஊரில் கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு நின்று முப்பது வாளி வார்ப்பேன். "உன்ரை குளிப்பாலைதான் வாழை பெரிய குலை போடுது" என்று என் வீட்டுக்காரர் பகிடி பண்ணுவார். கிணற்றடித் தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியே வாழைக்குப் போய்விடும். அதனால், ஊற்றிய தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று என் வாழ்நாளில் நான் யோசித்ததே இல்லை.

அவர் காலமான பிறகு, ஒருநாள் பிளாக்டவுன் கடையில் ஒரு சிவப்பு வாளியும் தண்ணீர் மொள்ள ஒரு பேணியும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கதிரையும் வாங்கினேன். பால்கனிப் பூக்கன்றுக்கு என்று மகளிடம் சொன்னேன்.

எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, குளியலறை நடுவில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து வார்ப்பேன். தரையில் தண்ணீர் போக ஓட்டை இருக்கிறது. ஆகவே பாதகமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடிந்ததும் துடைத்து, கதிரையைப் பால்கனியில் விட்டு, வாளியையும் பேணியையும் கைகழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலுமாரிக்குள், பழந்துணிக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். எழுபது கடந்தவள், திருடி போல.

3

நாலு வருடத்துக்கு முன்பு அந்தக் குளியலறையை உடைத்துப் புதிதாகக் கட்டினார்கள். கட்டியவர் யோகன்.

யோகன் அகதியாகப் படகில் வந்தவர். ஐம்பதை நெருங்குகிறார். எத்தனையோ வருடம் யார் யாருக்கோ கீழே கூலிக்கு நின்று, இரவில் படித்து, சோதனை எழுதி, கடைசியில் தன் பெயரில் கட்டட வேலை லைசென்ஸ் எடுத்தார். அந்த அட்டை வந்த பிறகு அவர் செய்த முதல் வேலை எங்கள் வீட்டு வேலைதான். அட்டையை எடுத்து என்னிடம் காட்டினார். எனக்கு அதில் உள்ளதை வாசிக்கத் தெரியாது. அவர் முகத்தை வாசிக்கத் தெரிந்தது.

கண்ணாடிக்கு உள்பக்கமெல்லாம் ஓர் அங்குலமும் இடைவெளி இல்லாமல் டைல்ஸ் ஒட்டினார். கதவுப் பக்கத்துச் சுவர் மட்டும் பெயின்ற் அடித்த மட்டைச் சுவர், பிளாஸ்டர்போட் என்பார்கள். அங்கே தண்ணீர் படாது என்று திட்டத்தில் இருந்தது. அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் நான் கதிரை போடுவது.

போன மழைக்காலம் அந்தச் சுவரின் அடியில் கறுப்பாக ஒரு புள்ளி வந்தது. துடைத்தேன், போனது. அடுத்த கிழமை உள்ளங்கை அளவுக்கு வந்தது. பூஞ்சணம். பழைய பாணில் வருமே, அதே மணம்.

அப்போது வாயைத் திறந்திருந்தால் ஒரு துண்டு மட்டையோடு முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன்? என் முகப்பவுடரைத் தண்ணீரில் குழைத்து அதன்மேல் பூசினேன். சுவரும் வெள்ளை, பவுடரும் வெள்ளை. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பூச்சு. சாமி அறைக்கு விளக்கு வைக்க முன்பு இந்த வேலை. பேத்தி ஒருநாள் "அம்மம்மா, பாத்ரூம் ஸ்மெல்ஸ் லைக் யூ" என்றாள். குளியலறையில் என் மணமாம். ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

4

ஒரு சனிக்கிழமை வதனி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். மொப் தடியின் முனை சுவரில் பட்டது. பட்டதும் அப்படியே உள்ளே போய்விட்டது.

"ஐயோ! இஞ்சை ஓடி வாங்கோ!"

குகன் வந்து விரலால் தட்டிப் பார்த்தார். தேத்தண்ணியில் ஊறிய பாண் போலப் பிய்ந்து வந்தது. உள்ளே கறுப்பு.

இன்சூரன்ஸ்காரன் ஒருவன் வந்தான். கையில் கண்ணாடிப் பலகை, அதிலேயே எழுதினான். இந்த நாட்டில் கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா? திடீரென்று வந்தால் அவர்கள் பொறுப்பு. மெல்ல வந்தால் உன் பொறுப்பு. பகலில் வீட்டில் இருப்பது நான் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

"மாமி, இதை எப்ப முதல் கண்டனீங்கள்?" என்று குகன் கேட்டார்.

"இப்பத்தான். அவள் தடியாலை குத்தினபிறகுதான்."

குகன் அதை இங்கிலிஷில் சொன்னார். அவன் தலையாட்டி எழுதிக்கொண்டான். எனக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியில் என் பொய் பதிவாகியது. அவன் போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினான், மரியாதையாக.

பத்து நாளில் கடிதம் வந்தது. இது மெல்ல வந்த தண்ணீர், கட்டியவரிடம் கேளுங்கள் என்று.

"யோகன் வோட்டர்ப்ரூவ் ஒழுங்காச் செய்யேல்லை" என்றார் குகன்.

நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து வெட்டினேன்.

5

குகன் கூப்பிட்டு யோகன் ஒரு வியாழக்கிழமை காலை வந்தார். வீட்டில் நான் மட்டும். மூக்கை மூடிக்கொண்டு, குளியலறை வாசலில் பொலித்தீன் தொங்கவிட்டு, அலவாங்கு மாதிரி ஒரு சின்னக் கம்பியால் உக்கின மட்டையில் ஒரு துண்டைக் கழற்றினார். பொலித்தீனுக்கு இந்தப் பக்கம் கதிரை போட்டு நான் இருந்தேன்.

"தம்பி, தேத்தண்ணி போடட்டே?"

"பிறகு குடிப்பம் அம்மா. முதல் இவரை ஆராய்வம்." சுவரைத்தான் இவர் என்றார்.

அவரிடம் ஈரம் பார்க்கும் ஒரு சின்ன மெஷின் இருந்தது. ஈரம் இருந்தால் கத்தும். ஷவர்ப் பக்கம் வைத்தார். சத்தமில்லை. பைப் போகும் இடத்தில் வைத்தார். சத்தமில்லை. கதவுப் பக்கத்துச் சுவரில் வைத்தார். அது கத்திய கத்தலில் நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

"அதிசயமாக் கிடக்கு" என்றார். "பின்பக்கம் மேலாலை காய்ஞ்சிருக்கு அம்மா. முன்பக்கம்தான் ஊறியிருக்கு. பைப் தண்ணி எண்டால் பின்னாலை இருந்தெல்லோ வரும். இது ஆரோ முன்னாலை நிண்டு தெளிச்சமாதிரி."

கத்தியால் சுவரைச் சுரண்டினார். வெள்ளையாகப் பொருக்குப் பொருக்காக விழுந்தது. ஒரு பொருக்கை எடுத்து, மூக்கு மூடியை இறக்கி, மணந்து பார்த்தார். பிறகு தண்ணீரைப் பூட்டுவதற்காகக் கைகழுவும் தொட்டிக்குக் கீழே அலுமாரியைத் திறந்தார். அங்கே என் வாளி. அதற்குள் பேணி.

பேணியை வெளியே எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, வாளியிலையோ குளிக்கிறனீங்கள்?"

"இடைக்கிடை. வெள்ளிக்கிழமையிலை தலைக்கு வார்க்கிறதுதான்." ஒவ்வொரு நாளும் வார்ப்பவள் அப்படிச் சொன்னேன்.

அவர் சிரித்தார். ஏளனச் சிரிப்பு இல்லை.

"அப்ப பிழை என்ரைதான் அம்மா. தமிழ் வீடு எண்டு தெரிஞ்சும் வெள்ளைக்காரர் குளிக்கிறதுக்கு அளந்து கட்டி வைச்சிருக்கிறன். இந்தச் சுவருக்கும் டைல்ஸ் ஏத்தியிருக்கோணும். ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேக்காமல் விட்டிட்டன்."

ஒரு மனுசன் என் முகத்தைக் காப்பாற்றுவதற்காகத் தன் தலையை நீட்டுகிறான். "இல்லைத் தம்பி" என்று சொல்ல எவ்வளவு நேரம் தேவை?

நான் சொன்னது இதுதான்: "அதுதானே தம்பி. நீர் அதை யோசிச்சிருக்க வேணும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு மூக்கை மூடிக்கொண்டார்.

6

அன்று பின்னேரம் குகன் அவருக்கு ரெலிபோன் எடுத்தார். சத்தமாகப் போட்டிருந்தபடியால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"என்ன யோகன், என்ன பிழை?"

"என்ரை பிழைதான் தம்பி. அந்தப் பக்கத்தையும் நான் பாத்திருக்கோணும். மரச்சட்டம் காய ஒரு கிழமை வேணும். பிறகு புது மட்டை அடிச்சு, எல்லாம் நானே திருத்தித் தாறன்."

வாளியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ரெலிபோனை வைத்துவிட்டுக் குகன் எங்களைப் பார்த்தார். "கேட்டீங்களே? தன்ரை வாயாலை ஒத்துக்கொண்டிட்டான். நாலு வருஷத்திலை உக்கிற சுவர் எண்டால், இன்னும் எத்தினை வீட்டிலை இப்பிடிச் செய்து வைச்சிருக்கிறானோ?"

"திருத்தித் தாறன் எண்டு சொல்லுறார்தானே, விடுங்கோவன்" என்றாள் வதனி.

"இது எங்கட சுவரைப் பற்றின கதை இல்லை. நாளைக்கு வேறை ஆரும் ஏமாறக் கூடாது."

மருமகன் கெட்டவர் இல்லை. தனக்குத் தெரிந்ததை வைத்து நியாயம் பேசினார். தெரியாததை வைத்திருந்தவள் நான்.

அதற்கு அடுத்த நாள் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி, விமலா என்று வைத்துக்கொள்ளுங்கள், ரெலிபோன் எடுத்தாள். தன் வீட்டு இரண்டு குளியலறையும் யோகனுக்குக் கொடுக்க இருந்தாளாம். எப்படி ஆள் என்று கேட்டாள். குகன் நடந்ததைச் சொன்னார். அவள் "நல்லகாலம் கேட்டன்" என்றாள்.

சனிக்கிழமை குகன் கம்பியூட்டரில் ஒரு படிவம் நிரப்பினார். லைசென்ஸ் கொடுக்கிற அரசாங்கக் கந்தோருக்கு முறைப்பாடு. அவர் கடைக்குப் போன நேரம், மாயாவைக் கூப்பிட்டு வாசித்துச் சொல்லச் சொன்னேன். பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்டால் இங்கிலிஷ் கலந்து பதில் சொல்வாள்.

"இதிலை... யோகன் அங்கிள் தன்ரை ஃபோல்ற் எண்டு அட்மிற் பண்ணினாராம். லைசென்ஸை செக் பண்ணச் சொல்லி இருக்கு. அப்பா நாளைக்கு சென்ட் பண்ணப் போறார்." பிறகு என்னைப் பார்த்தாள். "அம்மம்மா, யூ நோ இட்ஸ் த பக்கெற், ரைற்?"

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஸ்கூல் ஹொலிடேயிலை நான் வீட்டிலைதானே. சுனாமி மாதிரிச் சத்தம்."

"அப்பாட்டை ஏன் சொல்லேல்லை?"

"ஐ'ம் நொற் எ ஸ்னிச்."

காட்டிக்கொடுக்கிறவள் இல்லை என்று அர்த்தமாம். அவள் என்மேல் உள்ள அன்பில் வாயை மூடிக்கொண்டிருந்தாள். நான் எதற்காக மூடிக்கொண்டிருந்தேன்? பன்னிரண்டு வருடம் மருமகன் வீட்டில் சாப்பிட்டும், அவர் முன்னால் ஒருநாள் தலை குனிந்து நின்றவள் இல்லை என்ற ஒரு பெருமைக்காக.

7

ஞாயிறு காலை குளித்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று, தூறலில்தான். நல்ல சீலை உடுத்தேன். வாளியையும் பேணியையும் கதிரையையும் எடுத்துக்கொண்டு ஹோலுக்கு வந்து, குகன் கம்பியூட்டரோடு இருந்த மேசைக்கு முன்னால் வைத்தேன்.

"என்ன மாமி இது?"

"இதுதான் உங்கட சுவரை உக்கப்பண்ணினது."

அவருக்கு விளங்கவில்லை. கதிரையில் இருந்து, பேணியை எடுத்து, வெறும் பேணியைத் தலைக்குமேல் கவிழ்த்துக் காட்டினேன். குசினி வாசலில் வதனி கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு காலமா?"

"சுவர் புதுசாக் கட்டினநாள் தொட்டு. அதுக்கு முந்தியும். கறுப்பு வந்ததும் எனக்குத் தெரியும். பவுடர் பூசி மறைச்சனான். யோகனுக்கு ஒரு பிழையும் இல்லை."

"ஏன் மாமி சொல்லேல்லை? நான் என்ன அடிக்கவே போறன்?"

"நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னதை நான் செய்தனான். அதை எந்த வாயாலை சொல்லுறது?"

அவர் என் கையில் இருந்த பேணியை வாங்கி வாளிக்குள் வைத்தார். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். படிவத்தை அழித்தார். பிறகு ரெலிபோனை எடுத்து யோகனின் இலக்கத்தை அழுத்தி என் கையில் தந்தார்.

"நானும் கதைக்கோணும். முதல் நீங்கள் கதையுங்கோ மாமி."

இங்கே பிறந்த பிள்ளைகள் ஒரு நாளைக்கு முப்பது தரம் சொரி சொல்லுவார்கள், கதவில் இடித்தால் கதவுக்கும் சொல்லுவார்கள். என் வாயில் அந்தச் சொல் எந்த மொழியிலும் பழகவில்லை.

"தம்பி யோகன், நான் குகன்ரை மாமி. அண்டைக்கு நீர் உம்மடை பிழை எண்டு சொன்னீர். நான் அதுதானே எண்டு சொல்லிப்போட்டன். அது உம்மடை பிழை இல்லை. இடைக்கிடை குளிக்கிறனான் எண்டதும் பொய்."

அந்தப் பக்கம் ரேடியோச் சத்தத்தைக் குறைத்தார்.

"தெரியும் அம்மா" என்றார். "பவுடர் மணந்தது."

8

மரச்சட்டம் காய்ந்த பிறகு யோகன் வந்தார். கறுப்பை உரஞ்சித் துடைத்து, ஈரம் தாங்கும் பச்சை மட்டையை ஆணி முடுக்கிப் பொருத்தினார். குகன் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று மட்டையைப் பிடித்துக் கொடுத்தார். இருவரும் அதிகம் கதைக்கவில்லை. "கொஞ்சம் மேலை", "சரி", அவ்வளவுதான்.

பிறகு யோகன் என்னைக் கூப்பிட்டார். "அம்மா, கதிரையைப் போட்டுக்கொண்டு இருங்கோ. பேணியைத் தூக்குங்கோ. எவ்வளவு உயரத்துக்குக் கை போகும்?"

நான் இருந்து கையைத் தூக்கினேன். அவர் அந்த உயரத்துக்கு ஒரு சாண் மேலே பென்சிலால் கோடு போட்டார். அந்தக் கோடு வரை டைல்ஸ் ஒட்டினார். இப்போது நான் ஒளிக்காமல் குளிக்கிறேன். ஆனால் பேணியைத் தூக்கும்போதெல்லாம் கண் அந்தச் சுவருக்குத்தான் போகிறது. சத்தம் காதில் விழுகிறது, பழைய சுகம் இல்லை.

விமலாவுக்குக் குகன் ரெலிபோன் எடுத்தார். நானும் எடுத்தேன். நடந்ததை அடியிலிருந்து சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்கு நல்ல மனசு அன்ரி. அந்தாளிலை பாவம் பாத்து நீங்கள் பழியை ஏக்கிறியள். எனக்கு விளங்குது."

"இல்லைப் பிள்ளை, உண்மையாத்தான் சொல்லுறன்."

"சரி அன்ரி, விடுங்கோ. நாங்கள் வேறை ஆளுக்குக் குடுத்திட்டம்."

என் பொய்யை இன்சூரன்ஸ்காரன் நம்பினான். உண்மையைச் சொன்னபோது நம்ப ஆள் இல்லை. விமலா யார் யாருக்குச் சொன்னாளோ, அவர்கள் யார் யாருக்குச் சொன்னார்களோ. கோயிலில் யோகனைக் கண்டால் அவர் "சுகமே அம்மா" என்று கேட்கிறார். வேலை எப்படி என்று நான் கேட்டால், "இருக்கு, இருக்கு" என்று வேறு பக்கம் பார்க்கிறார்.

எங்கள் ஊர் மலரை விமலா வீட்டிலும் வாங்குவார்கள். அவளுடைய தமக்கை வீட்டிலும், டூங்கபியில் உள்ள ஊர்க்காரர் எல்லார் வீட்டிலும் வாங்குவார்கள். தங்கள் படம் வந்திருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பிரட்டுவார்கள். அதனால்தான் இதை எழுதினேன். மலர்க்குழுத் தம்பிமாரே, இடம் போதாவிட்டால் கிணற்றடியை வெட்டுங்கள், என் பேத்தியின் பேச்சை வெட்டுங்கள், என் படத்தைப் போட வேண்டாம். கடைசி இரண்டு வரியை மட்டும் அப்படியே விடுங்கள்.

யோகன் செய்த வேலையில் பிழை இல்லை.

அந்தச் சுவரை நனைத்தவள் நான்.